மெல்லிசான கை

இந்த வாளியை விட்டு எழுந்தேன் என்றால் தோற்றேன். அவ்வளவுதான். கவிழ்த்துப் போட்ட பால் வாளி, அதன் அடி விளிம்பு தொடையை அறுக்கிறது, இடது கால் மரத்தே போய்விட்டது, இருந்தாலும் எழ மாட்டேன். எனக்கு நேரே ரோசியின் வால். வாலுக்குக் கீழே பழுப்பும் சிவப்புமாக, பிழியாமல் கொடியில் போட்ட துணி மாதிரி, நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்குகிறது. மீதி உள்ளே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. விடிந்ததும் விடியாததுமாக, நாள் நிறையாமலே, ஏழு மாசக் கன்றை வீசிவிட்டாள் ரோசி. கன்று சுவரோரம் சாக்குக்கு அடியில் கிடக்கிறது, ஒரு குளம்பு மட்டும் வெளியே, மண்ணை மிதிக்காத குளம்பு, மெழுகில் செய்தது போல வெள்ளையாக. பார்க்காதே. பார்த்தால் அழுகை வரும், அழுதால் வாதம் போச்சு, அழுகிற பெண்ணிடம் யாரும் காரணம் கேட்பதில்லை, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்கள். அண்ணன் மாட்டு டாக்டரைக் கூட்டிவர பைக்கில் போயிருக்கிறான். டாக்டர் வேறு ஊரில் முகாமில் இருக்கிறாராம், மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியுமாம். "மத்தியானம் வரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கோணும், நம்ம வீட்டுலயேதான் கை இருக்குதே" என்று சொல்லிவிட்டு அம்மா விளக்கெண்ணெய் எடுக்கச் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறாள். கை. அந்தக் கை இப்போது எனக்குப் பின்னால், தீவனத் தொட்டியில் சாய்ந்து நிற்கிற பூர்ணிமா நங்கையின் தோளிலிருந்து தொங்குகிறது. அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள், எனக்கு நங்கை. எலும்பு தெரிகிற, சின்னப் பிள்ளையின் வளையல் ஏறுகிற கை. அந்தக் கை மாட்டுக்குள் முழங்கை வரை போகும், மாட்டுக்கு நோகாது, ஒட்டியிருப்பதை விரல் நுனியால் தடவித் தடவிப் பிரித்து எடுத்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் பல்லைப் பார்ப்பார்கள், முடியைப் பார்ப்பார்கள். இவளுக்கு மட்டும் வந்தபிறகு கையைப் பார்த்து மெச்சினார்கள். அதிலிருந்து இந்தச் சுற்றுவட்டத்தில் எந்தத் தோட்டத்தில் மாடு நஞ்சு போடாவிட்டாலும், பூர்ணிமாவைச் சித்தெ அனுப்பி விடுங்க, மெல்லிசான கை. மெல்லிசான கை, மெல்லிசான கை. ஏதோ வீணை வாசிக்கக் கூப்பிடுகிற மாதிரி.

இதே சமாச்சாரத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தில் தொடவேண்டும் என்றால் என்னவெல்லாம் வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு அடுக்குக் கையுறை, முகமூடி, கண்ணாடி, பின்பக்கம் கட்டுகிற அங்கி, காற்றை வடிகட்டி அனுப்புகிற பெட்டி. முதுகலை மாணவிகளான எங்களை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே விடவில்லை; நுண்ணோக்கியில் செத்த கிருமியைச் சாயம் ஏற்றிக் காட்டினார்கள், சிவப்பாக, பொடி மணலை இறைத்த மாதிரி. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான், ஆனால் மூச்சு வழியாகவே உள்ளே போய்விடும், கவனமாக இருந்த ஆய்வாளர்களுக்கே வந்திருக்கிறது என்றார் பேராசிரியர். புருசெல்லோசிஸ். மாடு கன்று வீசும் நோய். கன்றோடும் தண்ணீரோடும் நஞ்சோடும் கோடி கோடியாக வெளியே கொட்டும், தொட்டவர்களின் கீறல் வழியாக, கண் வழியாக, காய்ச்சாத பால் வழியாக ஏறிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்துக்கு அத்தனை கவசம், எங்கள் கட்டுத்தறிக்கு ஒரு கிண்ணி விளக்கெண்ணெய். அதுவும் கையைக் காப்பாற்ற இல்லை, மாட்டுக்கு நோகக்கூடாது என்பதற்காக. வாலாட்டுகிறாள் ரோசி, நஞ்சின் நுனி ஆடுகிறது, ஈக்கள் எழும்பி மறுபடி உட்காருகின்றன. நான் துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். சிரிப்பாக இருக்கும் பார்க்க, வெயிலுக்குப் பயந்து ஸ்கூட்டரில் போகிற கல்லூரிப் பெண் மாதிரி. சிரிக்கட்டும். வாடை துப்பட்டாவையும் தாண்டி வருகிறது, பழைய இரும்பும் புளித்த மாவும் கலந்த வாடை. இந்த வாடை எனக்குத் தெரியும். வாய்க்கால் ஓரத்து ஆலமரத்தின் வாடை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி, மரம் முழுக்க சாக்கு மூட்டைகள், வைக்கோல் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் யாரோ வீட்டு மாடு போட்ட நஞ்சு. பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகுமாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம், ஓடும்போது மேலே ஒரு காக்கா எதையோ இழுத்துக்கொண்டிருக்கும், கீழே ஒரு நாய் வாயைப் பிளந்து காத்திருக்கும். விழுந்ததைக் கவ்விக்கொண்டு அது எந்தத் தோட்டத்துக்கு ஓடியது, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் தின்றது, யார் பார்த்தார்கள். பால் பெருகியதா தெரியாது. பெருகியது எதுவென்று இப்போது தெரிகிறது.

தெரிகிறதா? நிச்சயமாகத் தெரியுமா மௌனிகா உனக்கு? இதுதான் முள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறது. மாடு கன்று வீச ஆயிரம் காரணம் இருக்கிறது, முட்டியிருக்கலாம், வழுக்கி விழுந்திருக்கலாம், பூஞ்சணம் பிடித்த தீவனம் தின்றிருக்கலாம், வேறு கிருமியாக இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் இதுதான் என்று சொன்னால் பேராசிரியரே என்னை வெளியே அனுப்புவார். ஆனால் நங்கைக்குக் காய்ச்சல். அதை எங்கே வைப்பது? சாயங்காலம் ஆனால் ஏறுகிற காய்ச்சல், ரவிக்கை பிழியப் பிழிய வேர்வை, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வாசல் கூட்டுவாள், "காலைல நல்லாத்தானே இருந்தா, வேலைன்னு வந்தாத்தான் காச்சல் வருது" என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். அப்புறம் கொஞ்ச நாள் இருக்காது. அப்புறம் மறுபடி வரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள், இருபத்தாறு வயசில். டவுனில் டாக்டர் டைபாய்டு என்றார், அடுத்த தடவை வேறொருவர் சத்துக் குறைவு என்றார், மாத்திரை, ஊசி, மறுபடி மாத்திரை. உங்க வீட்டில் மாடு இருக்கிறதா, அது கன்று வீசியதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நங்கையாகவும் சொல்லியிருக்க மாட்டாள், மாட்டின் வயிற்றுக்கும் தன் காய்ச்சலுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கலாம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள். எனக்கே இந்தப் பருவத்துப் பாடத்தில்தான் தெரிந்தது. பிறகு போன வருஷம், ஐந்தாம் மாசத்தில், அவளுக்கும் தங்கவில்லை. அதையும் எங்கே வைப்பது? எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது, கோடு என் கற்பனையாகவும் இருக்கலாம், சரி, இருக்கட்டும். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் கையை விடு என்று சொல்கிறவர்கள்தானே காரணம் சொல்லவேண்டும், விடாதே என்று சொல்கிற நானா? ஆகா. இது நல்ல வாதம். இதை வைத்துக்கொள்கிறேன்.

இப்படித்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் மேற்குத் தோட்டத்துப் பெரியம்மா வந்துவிட்டாள். அப்பாவின் பங்காளி வீடு, வேலிக்கு அந்தப்பக்கம். மாடு கன்று வீசியது எப்படித்தான் தெரியுமோ, வேலியைத் தாண்டிச் சேதி போய்விடுகிறது, தண்ணீர் மட்டும் போவதில்லை. வந்தவள் மாட்டைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்து உச்சுக்கொட்டினாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏனம்மிணி, நட்டநடுவுல உக்காந்துட்டு என்ன பண்றே?" "காவல் இருக்கறனுங்க பெரியம்மா." "யாரு திருடீட்டுப் போறாங்க அதை?" "யாரும் கைய விட்டுறக்கூடாதுன்னு." அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "விடாம? அப்படியே உட்டா உள்ளயே அழுகிப்போயி மாடு கெடையில உழுந்துரும், தெரியுமா? நா எத்தனை மாட்டுக்கு எடுத்திருக்கறேன் இந்தக் கையில. எனக்கென்ன வந்துச்சு? கல்லாட்டம் நிக்கறேனா இல்லியா?" "கல்லாட்டந்தானுங்க. அப்பறம் ஏனுங்க கோயில் படி ஏறாம கீழயே நின்னு கும்புட்டுட்டு வர்றீங்க?" "அது வயசு, கண்ணு." "உங்க அக்கா உங்களுக்கு மூத்தவங்க. டவுனுல மாடு கண்ணு இல்லாம இருக்கறாங்க. அவங்க ஏறிப் போறாங்களே." "அவளுக்குக் கொழுப்பு" என்றாள் பெரியம்மா சட்டென்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது, ஒரு நொடி இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குத் தெரியும், அது மட்டமான வாதம், முட்டி வலி யாருக்கும் வரும், பல்கலைக்கழக மேடையில் இதைச் சொன்னால் எதிரணி என்னைக் கிழித்திருக்கும். ஆனால் எதிரே நிற்பது எதிரணி இல்லை, பெரியம்மா, அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மௌனிகான்னு உனக்குப் பேரு வெச்சவனை மொதல்ல புடிச்சு உதைக்கோணும்" என்றாள். "பெரியப்பாதானுங்க வெச்சது. வீட்டுலதான் இருப்பாரு, போய்ப் புடிங்க." அதற்கு அவள் சிரிக்கவில்லை.

சிரிக்காத அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ பழையபடி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. இதே வாய்தான். போன வருஷம் நங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்பிக் கட்டிலில் சுருண்டு கிடந்தபோது, பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்து, வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அம்மாவிடம் சொன்ன வாய். "வாயில்லாச் சீவனோட வவுத்துல கைய உடறவளுக்கு வவுறு தங்காதுன்னு அந்தக் காலத்துலயே சொல்லுவாங்க. அவ ராசி அப்படி." சொன்னவள், அதற்கப்புறம் தன் வீட்டு எருமை நஞ்சு போடவில்லை என்றதும் அதே கையைத்தான் கூப்பிட்டாள். ராசி கெட்ட கையை. இவளும் போனாள், எடுத்துக் கொடுத்தாள், எருமை பிழைத்தது, ஒரு சொம்பு சீம்பால் கொடுத்து அனுப்பினார்கள், அதை இவள் வீட்டில் வந்து வைத்துவிட்டு சாயங்காலம் காய்ச்சலில் படுத்தாள். எனக்கு எரிவது பெரியம்மா பொல்லாதவள் என்பதால் இல்லை. அவள் பாதி சரி, அதுதான் எரிகிறது. அந்தக் காலத்துப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். மாட்டுக்குள் கை விட்டவளுக்குப் பிள்ளை தங்காமல் போனதை யாரோ ஒருத்தி கண்ணால் பார்த்து, இதற்கும் அதற்கும் வழி இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். அதற்கப்புறம் யாரோ வந்து கிருமி இருந்த இடத்தில் பாவத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பாவம் என்றால் சோப்பு போட வேண்டாம், கையுறை வாங்க வேண்டாம், டாக்டரைக் கேட்க வேண்டாம், ஒருத்தியைக் குற்றம் சொல்லிவிட்டால் போதும், வேலையும் நடக்கும். அவளே செய்யவேண்டும், அவளே அனுபவிக்கவேண்டும், அவள் ராசியும் கெட்டதாக இருக்கவேண்டும். ஒரே கையில் மூன்று வேலை. ரோசி திரும்பிப் பார்க்கிறாள். அவள் கண்ணில் ஒன்றும் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான். உன்னையும் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது ரோசி. நீயும் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டதுதானே.

நங்கை இப்போது என்ன செய்கிறாள்? திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் என் முகத்தில் எழுதியிருப்பதைப் பெரியம்மா படித்துவிடுவாள். நேற்றுச் சாயங்காலம் மொட்டைமாடியில், காய்ந்த துணிகளை நான் உருவ, அவள் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தபடியே, துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு மாசம் ஆச்சு மௌனி. இன்னும் உங்கண்ணன்கிட்டக்கூடச் சொல்லலை. இந்தத் தடவை தங்குதான்னு பாத்துட்டுச் சொல்லிக்கலாம். நீயும் வாயத் தொறக்காதே." வாயைத் திறக்காதே. ஊரிலேயே அதிகம் வாய் திறக்கிறவளிடம் கொண்டுவந்து வைத்த ரகசியம். இப்போது என் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம், "நங்கை முழுகாம இருக்கறா." சொல்லவேண்டியது அவ்வளவுதான். அம்மா எண்ணெய்க் கிண்ணியைப் போட்டுவிட்டு ஓடிவருவாள், மாசமாக இருக்கிறவள் கட்டுத்தறிப் பக்கமே வரக்கூடாது என்பாள், பெரியம்மா திருஷ்டி கழிக்க மிளகாய் தேடுவாள், நான் ஜெயித்துவிடுவேன். ஜெயித்துவிடுவேனா? எதை ஜெயிப்பேன்? அப்படியானால் வயிற்றில் பிள்ளை இருப்பதால் அந்தக் கையைக் காப்பாற்ற வேண்டும், பிள்ளை இல்லாவிட்டால் காப்பாற்ற வேண்டியதில்லை என்றுதானே ஆகிறது. பிரசவம் ஆகட்டும், பத்தியம் முடியட்டும், அப்புறம் பூர்ணிமாவைச் சித்தெ அனுப்பி விடுங்க. அந்தக் கைக்கு விடுப்புதான் கிடைக்கும். காய்ச்சல் அவளுக்குத்தானே வந்தது, இடுப்பு அவளுடையதுதானே, பிள்ளையில்லாத நாட்களில் வேர்வையில் நனைந்து கிடந்தவள் யார், அவள் ஒரு ஆள் இல்லையா, அவளுக்காக மட்டும் ஒருத்தர் ஒரு வாளியில் உட்கார்ந்திருக்கக் கூடாதா? சரியான வாதம், சுத்தமான வாதம். அதில்தான் பயமாக இருக்கிறது. என் சுத்தமான வாதம் தோற்றுப்போய், அந்தக் கை உள்ளே போய், அப்புறம் மூன்றாம் மாசமோ நான்காம் மாசமோ ஏதாவது ஆகிவிட்டால், நான் கொள்கைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? அவளிடமா? இல்லை, கடைசி நொடியில் சொல்லிவிடுவேன். கை எண்ணெயைத் தொடுகிற நொடியில். அதுவரை தாக்குப்பிடி. அதுவரை வேறு எல்லாவற்றையும் சொல்லு.

"மௌனி." முதுகுக்குப் பின்னால், ரொம்பத் தாழ்ந்து, நங்கையின் குரல். பெரியம்மா சாக்கைத் தூக்கிக் கன்றைப் பார்க்கக் குனிந்திருக்கிறாள், தொடாதீங்க என்று கத்தலாமா, கத்துவதற்குள் அவளாகவே சாக்கைப் போட்டுவிட்டாள். "மௌனி, நீ காலைல அத்தைகிட்டச் சொன்னது நெசமா? இதுலேர்ந்து நமக்கு வருமா?" வரும் என்றேன். "போன தடவை எனக்குப் போச்சே. அது இதனாலயா?" இதற்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன், பெரியம்மாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணனுக்கு, டவுன் டாக்டர்களுக்குக்கூட. ஆமாம் என்று சொன்னால் அது பொய்யாகலாம். இல்லை என்று சொன்னால் அதுவும். "தெரியாதுங்க நங்கை. இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்தாத் தெரியும். நாளைக்கே போலாம், மாடு பாக்கறவங்கன்னு நாமளே டாக்டர்கிட்டச் சொல்லுவோம். இருந்தாலும் மருந்து இருக்குது. நெறைய நாள் சாப்புடோணும், ஆனா இருக்குது." அவள் மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப ராசி இல்லியா" என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை. நான் திரும்பிவிட்டேன், திரும்பக்கூடாது என்று வைத்திருந்தும் திரும்பிவிட்டேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வலது கையை, உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றி, யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன பொருள் மாதிரி. "ராசின்னு ஒண்ணும் இல்லீங்க நங்கை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கீச்சென்று வந்தது.

அம்மா வந்தாள். கிண்ணி நிறைய விளக்கெண்ணெய், வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள், மாட்டுக்குச் சில்லென்று இருக்கக்கூடாதாம். எவ்வளவு அன்பு. "நவுரு." "மாட்டேன்." "அம்மிணி, வெளையாடறதுக்கு நேரமில்லை. வெயில் ஏறுது." "நானும் வெளையாடலம்மா." "மாடு செத்துச்சுன்னா உன்ற யுனிவர்சிட்டி வந்து பால் கறந்து ஊத்துமா?" "மாடு சாகாது. ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது, தானா உழுந்தாலும் உழும், இல்லீன்னா டாக்டர் மருந்து போடுவாரு. கைய உட்டு இழுத்தாத்தான் உள்ளே கிழிஞ்சு சீழ் வெக்கும். போன மாடு எதனால செத்துச்சுன்னு நெனைக்கறே?" சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் கல்லானது. போன மாடு கர்ப்பப்பை அழுகிச் செத்தது, அம்மா அதற்காக மூன்று வேளை சோறு தின்னாமல் கிடந்தாள், இன்றைக்கு அவளுக்கு இருக்கிற அவசரமெல்லாம் அந்தப் பயம்தான், எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அந்த இடத்தில் குத்தினேன். வாதம் பண்ணுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு, எங்கே வலிக்கும் என்று தேடிப் போவது. "ஆகா, பெத்தவளுக்கே பாடம்" என்றாள் பெரியம்மா. அம்மா அவளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "நங்கை கை உடக்கூடாது. அதுதானே உனக்கு?" "ஆமா." "அவளுக்கு ஒடம்பு சரியில்லை, சரி. அவ வேண்டாம். நானே உடறேன். எனக்கென்ன ஆகப்போகுது, அம்பது தாண்டியாச்சு." சேலையைத் தூக்கிச் செருகினாள். இடது கையில் கிண்ணி, வலது கையை எண்ணெயில் முக்கி மணிக்கட்டு வரை, அதற்கு மேலே, முழங்கை வரை வழித்துப் பூசினாள், கை வெயிலில் மினுங்கியது.

நான் ஜெயித்துவிட்டேன். ஒரு விநாடி அப்படித்தான் தோன்றியது, வெட்கமாக இருக்கிறது, ஒரு விநாடி நிஜமாகவே மூச்சு விட்டேன். நங்கையின் கை தப்பித்தது, ரகசியம் தப்பித்தது. அப்புறம்தான் அந்த மினுங்குகிற கையைப் பார்த்தேன். எனக்கென்ன ஆகப்போகுது. நங்கை வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் யாருடைய கை உள்ளே போனது? ஆடி மாசம் ஆனால் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வரும், நாங்கள் அதற்கு ஆடிக் காய்ச்சல் என்றே பேர் வைத்திருந்தோம், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க அவள் படுத்திருக்க, நானும் அண்ணனும் காலை அமுக்கிவிடுவோம், வியர்த்துக்கொட்டி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள். எனக்கு முன்னால் ஒன்று, எனக்கு அப்புறம் ஒன்று, தங்காமல் போனது என்று எப்போதோ யாரிடமோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவும் இதுவா, தெரியாது, தெரியாது, எல்லாமே இதுவாக இருக்காது, எனக்கு எங்கே பார்த்தாலும் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஐம்பது தாண்டினால் கை கையில்லையா? பிள்ளை பெறுகிற கைக்கு மட்டும்தான் வாளியில் உட்காருவேனா நான்? வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவள் அவளுக்காகவே ஒரு ஆள் என்று பெரிய வாதம் பேசினேனே, அந்த வாதம் அம்மாவுக்குப் பொருந்தாதா? எழுந்துவிட்டேன். எழுந்தால் தோற்றேன் என்றேனே, எழுந்துவிட்டேன், மரத்த கால் மடங்கி விழப்போய் அம்மாவின் கையையே பிடித்தேன். எண்ணெய்க் கை, பிடிக்கப் பிடிக்க வழுக்கியது. "உடுடி." "மாட்டேன்." "உடுங்கறேன்ல." "உன்ற கையும் கைதாம்மா. உனக்கும் வரும். வந்திருக்குது. ஆடி ஆடிக்கு வருதே, அது என்னன்னு ஒரு நாளாவது போய்ப் பாத்தியா?" "செத்தாப் போறேன், மாடாவது பொழைக்கட்டும்" என்றாள் அம்மா. கோபத்தில் இல்லை. சோறு ஆறுது சாப்பிடு என்பது போல, சாதாரணமாகச் சொன்னாள். கை என் பிடியிலிருந்து வழுக்கி விடுபட்டது. ரோசியின் வாலை அவள் முழங்கையால் ஒதுக்கினாள்.

இனி ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்லிவிடுவது. அது அம்மாவைத் தடுக்காது என்பதும் தெரிந்தது, இருந்தாலும் ஒரு கலவரமாவது நடக்கும், கலவரத்தில் நேரம் போகும். நங்கை என்னை மன்னிக்க மாட்டாள். மன்னிக்க வேண்டாம். "அம்மா, நங்கை..." என்று ஆரம்பித்தேன். எனக்குப் பக்கவாட்டில் ஒரு கை நீண்டது. அம்மாவின் இடது கையிலிருந்த கிண்ணியை, பிடுங்காமல், வாங்கி வைக்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. அம்மாவும் பழக்கத்தில் கொடுத்துவிட்டாள். நங்கை அந்தக் கிண்ணியை அப்படியே கவிழ்த்தாள். எண்ணெய் அவசரப்படவில்லை. தடித்த ஒற்றை இழையாக இறங்கி, மண்ணில் விழுந்து, ஒரு தட்டு அளவுக்கு வட்டமாக நின்று, பிறகு மெல்ல மூத்திர வாய்க்காலைப் பார்த்து ஓடியது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பூர்ணிமா!" என்றாள் அம்மா.

"கொட்டீட்டனுங்க அத்தை."

"அடிப்பாவி, நல்ல எண்ணெய்" என்ற பெரியம்மா அம்மாவிடம் திரும்பினாள். "எங்கூட்டுல தேங்காயெண்ணெய் இருக்குது, இரு ஈஸ்வரி, எடுத்தாறேன்."

"எடுத்தாங்க பெரியம்மா" என்றாள் நங்கை. சத்தம் போடவில்லை, மாடியில் துணி மடித்த அதே குரல். "அதையும் கொட்டறேன். உங்கூட்டுல எத்தனை இருக்குதோ அத்தனையும் கொண்டாங்க. என்ற கை இனி எந்த மாட்டுக்குள்ளயும் போகாதுங்க. உங்க எருமைக்கும் போகாது. எங்க அத்தை கையும் போகாது."

மூன்று வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள், மருமகளை இப்படிப் பேச விட்டுவிட்டு நிற்கிறாயே என்கிற பார்வை. அம்மா எண்ணெய் வழிகிற கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். மருமகளைப் பார்த்தாள், வெகுநேரம், அவள் நிற்கிற விதத்தை, ஒரு கையில் கிண்ணியும் மற்றொரு கை தன்னையறியாமல் அடிவயிற்றின் மேலும் இருந்ததை. அம்மாவின் கண்ணில் ஏதோ மாறியது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள் அம்மா, பெரியம்மாவிடம். "டாக்டரு வர்ற வரைக்கும் நாங்க பாத்துக்கறோம்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள், கண் சிவந்திருந்தது. "மாடு செத்துச்சுன்னா ரெண்டு பேரையும் தோலை உரிச்சுருவேன்."

"சரிங்க அத்தை" என்றாள் நங்கை. நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.